ஒரு கையும் ஒரு பாத்திரமும்

"விளையாட்டுப் பிள்ளை" என்று நம் வீடுகளில் ஒருவனைப் பற்றிச் சொன்னால் அது பாராட்டு அல்ல. இவன் தேறமாட்டான் என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை அது. ஆனால் இன்று, கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு உருவங்கள் வடித்துக் கொடுப்பதையே ஜீவனமாகக் கொண்டவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். கல்லும் இல்லாமல், களிமண்ணும் இல்லாமல், வீரனையும் குதிரையையும் கோட்டை கொத்தளங்களையும் அவர்கள் திரையிலே சமைக்கிறார்கள்.

இந்த வித்தைக்கு ஒரு சரித்திரம் உண்டு. சொல்லித் தர ஆசிரியரே இல்லாத காலத்தில் அதை முதலில் கற்றவர்கள் எப்படிக் கற்றார்கள்?

அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தின் தலைநகர் சால்ட் லேக் சிட்டி. அங்குள்ள சர்வகலாசாலையில் 1965-ல் டேவிட் எவான்ஸ் கம்ப்யூட்டர் துறையைத் தொடங்கினார். 1968-ல் ஐவன் சதர்லண்ட் வந்து சேர்ந்தார். கணக்குப் போடும் யந்திரத்தைச் சித்திரம் போட வைக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. யந்திரத்துக்கோ எண்களைத் தவிர வேறு பாஷை தெரியாது. ஆகவே ஒரு பொருளை அதற்குக் காட்ட வேண்டுமானால், பொருளின் மேல் புள்ளிகள் குறித்து, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும். புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தால் சிறு சிறு முகப்புகள் கிடைக்கும். முகப்புகள் சேர்ந்தால் உருவம்.

1972-ல் சதர்லண்டின் மாணவர்கள் அவர் வீட்டு வோக்ஸ்வாகன் காரைச் சூழ்ந்து கொண்டார்கள். காரின் மேனியெங்கும் கோடு கிழித்து, கையாலேயே அளந்தார்கள். தெருவில் போனவர்கள் என்ன நினைத்தார்களோ!

அதே ஆண்டில் எட் காட்மல் என்ற மாணவர் தம் இடது கையையே பாடமாக எடுத்துக் கொண்டார். அவர் கதை சுவையானது. சிறு வயதில் கார்ட்டூன் படங்களுக்குச் சித்திரம் வரைபவராக வேண்டும் என்று கனவு கண்டவர். அதற்குப் போதிய கைத்திறன் தமக்கு இல்லை என்று முடிவு செய்து, பௌதிகத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் திரும்பியவர். கையைப் பிளாஸ்டர் சாந்தில் புதைத்து அச்செடுத்தார். அச்சைக் கழற்றும்போது கை ரோமங்களும் கூடவே பிடுங்கிக் கொண்டு வந்தனவாம். வார்த்தெடுத்த கையின் மேல் மையால் சுமார் 350 முகப்புகள் வரைந்து, புள்ளி புள்ளியாக அளந்து யந்திரத்துக்குச் சொன்னார். திரையில் அந்தக் கை விரல்களை மடக்கியது, நீட்டியது. ஃப்ரெட் பார்க் என்ற சக மாணவருடன் சேர்ந்து அவர் தயாரித்த அந்தச் சின்னஞ்சிறு படத்தை, 2011-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

1975-ல் மார்ட்டின் நியூவெல் வடிப்பதற்குத் தக்க பொருள் தேடிக்கொண்டிருந்தார். "நம் தேநீர்ப் பாத்திரங்களை வரையுங்களேன்" என்ற யோசனையைச் சொன்னவர் மனைவி சாண்ட்ரா. மூக்கு, கைப்பிடி, மூடி, பருத்த வயிறு எல்லாம் கொண்ட அந்த வெள்ளைப் பாத்திரத்தைக் கட்டம் போட்ட தாளில் நியூவெல் வரைந்து கொண்டார். அதன் எண்களைப் பிறருக்கும் தாராளமாகக் கொடுத்தார். அந்தத் துறையில் பயின்றவர்களுக்கெல்லாம் அது பால பாடமாயிற்று. அசல் பாத்திரம் இன்று கலிஃபோர்னியாவில் ஒரு மியூஸியத்தில் கொலுவிருக்கிறது.

யூட்டாவில் பிறந்த வித்தை விளையாட்டு உலகத்துக்கு வந்தபோது சிக்கனம் என்ற புதிய நிபந்தனை ஏற்பட்டது. விளையாட்டில் ஒவ்வொரு விநாடியும் முப்பது, அறுபது தடவை படம் புதிதாக எழுதப்பட வேண்டும். முகப்புகள் மிகுந்தால் யந்திரம் திணறும். 1996-ல் வெளியான 'க்வேக்' விளையாட்டில் ஓர் அரக்கனைச் சில நூறு முக்கோணங்களுக்குள் அடக்க வேண்டியிருந்தது. எதை விட்டாலும் அரக்கன் அரக்கனாகவே இருப்பான் என்று தெரிந்தவனே கலைஞன். பிறகு, தையற்காரர் சட்டையைப் பிரித்து மேஜைமேல் பரப்புவது போல் உருவத்தின் தோலைத் தட்டையாக விரித்து, வண்ணம் தீட்டி, மறுபடி போர்த்த வேண்டும்.

இதைத் தாமே பயின்று முன்னேறியவர்களும் உண்டு. கனடாவில் கல்லூரி மாணவராயிருந்த மின் லே, ஏற்கெனவே வெளிவந்த விளையாட்டுகளைத் திருத்தி, புதிய வீரர்களை வடித்துப் பழகினார். நண்பர் ஜெஸ் கிளிஃபுடன் சேர்ந்து அவர் 1999-ல் வெளியிட்ட 'கவுண்டர் ஸ்ட்ரைக்' பிரபலமடைந்தது. மறு ஆண்டே வால்வ் கம்பெனி அந்த விளையாட்டை வாங்கி, இருவரையும் வேலைக்கும் எடுத்துக் கொண்டது.

ஆனால் கருவி வேண்டுமே! 1998-ல் வந்த 'மாயா' போன்ற சிற்பக் கருவிகளின் விலை பல ஆயிரம் டாலர். ஏழை மாணவன் என்ன செய்வான்?

ஹாலந்து தேசத்து டான் ரூசெண்டால் 'பிளெண்டர்' என்ற கருவியை உருவாக்கி, 1998 முதல் இலவசமாகக் கொடுத்து வந்தார். 2002-ன் தொடக்கத்தில் அவருடைய கம்பெனி மூடப்பட்டது. கருவியின் மூலமோ பணம் போட்ட முதலாளிகள் வசம். பல ஆண்டு உழைத்து அதைப் பயின்றவர்களின் வித்தை ஒரே நாளில் அநாதையாகும் நிலை! ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் விட்டுவிடுவதாக முதலாளிகள் இசைந்தார்கள். 2002 ஜூலையில் ரூசெண்டால் வேண்டுகோள் விடுத்தார். பயின்றவர்களும் அபிமானிகளும் தங்களால் இயன்றதை அனுப்பினார்கள். ஏழே வாரத்தில் தொகை சேர்ந்தது. அக்டோபர் 13-ந் தேதி பிளெண்டர் எல்லோருக்கும் சொந்தமாயிற்று. ஓர் உளியைப் பயின்றவர்களே காசு சேர்த்து அதை மீட்ட கதை சரித்திரத்தில் அபூர்வம் அல்லவா?

காட்மல் 1978-ல் ஜிம் கிளார்க்குடன் சேர்ந்து, கரடுமுரடான உருவத்தை வழவழப்பாக்கும் வழி ஒன்றைக் கண்டார். இன்று பிளெண்டரில் அது ஒரு பொத்தான். படம் வரைய வராது என்று ஒதுங்கியவர் கண்ட வழி, வரைய ஆசைப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்போது செலவில்லாமல் கிடைக்கிறது.

காரை அளந்த அந்தக் கண்ணும் பொறுமையும் மட்டும் பொத்தானில் கிடைப்பதில்லை. அவரவரே சம்பாதிக்க வேண்டும். பிளெண்டர் பயிலத் தொடங்கும் பலர் முதன்முதலில் வடிப்பது வீரனையும் அல்ல, அரக்கனையும் அல்ல. நம் மெதுவடை போல் நடுவில் துளையுள்ள, டோனட் என்ற மேல்நாட்டுப் பலகாரத்தைத்தான்! அரக்கன் வரும் வரையில் பலகாரத்தை உற்றுப் பார்த்துக் கொண்டிருக்கும் பொறுமை யாருக்கு இருக்கிறதோ, அந்த விளையாட்டுப் பிள்ளை நிச்சயம் தேறிவிடுவான்.