பல் கட்டினால் குளிப்பு கூடுமா?

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பெரியவர்கள் நம்மை ஓரமாக அழைத்துக் கேட்கும் கேள்வி இது: "ஹஜ்ரத், பல் கட்டிக்கொண்டால் கடமையான குளிப்பு கூடுமா?" இந்தச் சந்தேகத்திலேயே ஆண்டுக்கணக்கில் கஞ்சியும் இடியாப்பமுமாகக் காலம் தள்ளியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அதனால் சட்டத்தையும் மருத்துவத்தையும் சேர்த்தே எழுதுகிறோம்.

உளூவில் வாய் கொப்பளிப்பது சுன்னத். கடமையான குளிப்பில் ஷாஃபி மத்ஹபின்படி அது சுன்னத், ஹனஃபி மத்ஹபின்படி ஃபர்ளு. குழப்பம் இங்கேதான் வருகிறது. கழற்றி மாட்டும் பல் செட் என்றால் ஹனஃபிகள் குளிக்கும்போது அதைக் கழற்றிவிட்டுக் கொப்பளிக்க வேண்டும். நிரந்தரமாகப் பொருத்திய பல், கேப், அடைத்த சொத்தை ஆகியவற்றை நினைத்தபோது எடுக்க முடியாது. எனவே அவை சொந்தப் பல்லின் இடத்தில் வைத்தே பார்க்கப்படும். அவற்றின் மேல் தண்ணீர் பட்டால் போதும், குளிப்பு கூடும்.

குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளி மூக்கு வைத்திருந்தார்கள். அதில் துர்நாற்றம் ஏற்படவே, தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அபூதாவூத், திர்மிதி நூல்களில் பதிவான இந்தச் செய்தியை வைத்தே, தேவைக்காகப் பல்லைத் தங்கத்தால் கட்டுவதையும் அறிஞர்கள் பலர் அனுமதித்தார்கள். (அழகுக்காக ஆண்கள் தங்கப் பல் வைப்பதற்கு இது ஆதாரமாகாது!)

ஒரு பல் விழுந்து இடம் காலியாகவே இருந்தால் பக்கத்துப் பற்கள் அந்தப் பக்கம் சாயும், எதிர்வரிசைப் பல் நீளும், தாடை எலும்பும் தேயும். தள்ளிப்போடுவதில் நட்டம் நமக்குத்தான்.

வழிகள் மூன்று. செலவு குறைந்தது கழற்றும் செட். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும். அடுத்தது பிரிட்ஜ். இது சீக்கிரம் முடியும், ஆனால் இரு பக்கமும் உள்ள நல்ல பற்களைத் தேய்க்க வேண்டியிருக்கும். மூன்றாவது இம்ப்ளான்ட். தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து, எலும்பு அதைப் பற்றிக்கொள்ளப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் காத்திருந்து பல்லைப் பொருத்துவார்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் பீடி, சிகரெட் விடாதவர்களுக்கும் இது தோற்கும் வாய்ப்பு அதிகம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

இருக்கிற பல்லைக் காப்பது இதைவிட மலிவு. மிஸ்வாக் சுன்னத்தை விட வேண்டாம். அதோடு ஃப்ளோரைடு உள்ள பற்பசையும் மென்மையான பிரஷ்ஷுமாகக் காலையிலும் படுக்கும் முன்பும் 2 நிமிடம் துலக்குங்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷை மாற்றுங்கள். செங்கல் தூள், கரித்தூள் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். ரமளானில் ஸஹர் முடித்ததும் பற்பசையால் துலக்கிவிட்டால் பகலில் விழுங்கிவிடுவோமோ என்ற கவலை இல்லை.

இன்னொன்று, நம்மவர்கள் பலர் கேட்க மறப்பது. இம்ப்ளான்ட்டுக்கு எலும்பு போதாவிட்டால் எலும்புத் தூள் வைப்பார்கள். அதில் மாட்டிலிருந்து எடுப்பதும் உண்டு, பன்றியிலிருந்து எடுப்பதும் உண்டு. செயற்கையாகத் தயாரித்ததும் கிடைக்கிறது. எதை வைக்கப் போகிறார்கள் என்று சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.