கால்டுவெலின் இல்லறமும் இடையன்குடியும்

கச்சிராயபாளையத்தின் மேற்கே எழும் கல்வராயன் மலையிலும், அதனை அடுத்த சேர்வராயன், பச்சை, கொல்லி மலைகளிலும் வாழும் மலையாளி மக்களிடையே ஒரு குடிவரலாறு வழங்குகின்றது. காஞ்சியினின்றும் உடன்பிறந்தார் மூவர் போந்தனர் என்பதும், வந்த நிலத்திலேயே பெண்கொண்டு குடியாயினர் என்பதும் அதன் சுருக்கம். இதன் மெய்ம்மை தனியே ஆராய்தற்குரியது. நாம் ஈண்டுக் கொள்வது அதன் உட்கிடையை மட்டுமே. புலம்பெயர்ந்தான் ஒருவன் இல்லறம் தொடங்கிய நாளிலேதான் புதுநிலத்துக்கு உரியவன் ஆகின்றான் என்று அக்கதை கருதுகின்றது. இக்கருத்தைத் துணையாகக் கொண்டு, கடல் கடந்து வந்து நம் நாட்டில் வேரூன்றிய ஒரு ஸ்காத்லாந்துக் குடும்பத்தைக் காண முற்படுவோம்.

கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணத்தைப் பற்றி நம்மவர் எழுதியன பல. அவர்தம் மனையைப் பற்றி எழுதியன மிகச் சில. 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அயர்லாந்தில் கிளேடி என்னும் ஊரில் அவர் பிறந்தார். பெற்றோர் ஸ்காத்லாந்தினர், வளம் மிக்கார் அல்லர். இளமையிலேயே கிளாஸ்கோ நகருக்குக் குடும்பம் திரும்பிற்று. அந்நகர்ப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர் சாண்ட்போர்டு மொழியொப்பியலில் அவர்க்கு ஆர்வம் ஊட்டினார். 1838 சனவரி 8ஆம் நாள் அவர் சென்னைக் கரை சேர்ந்தார். தெலுங்குக்குப் பெருந்தொண்டு புரிந்த சி. பி. பிரவுன் அவரோடு அக்கப்பலில் வந்தவர் என்பது நினைக்கத்தக்கது.

சென்னையில் மூன்றாண்டுகளுக்கு மேல் தமிழ் பயின்றார். பின்னர் 1841இல் நீலகிரி வழியாகப் பெரும்பாலும் கால்நடையாகவே நெல்லை நாட்டுக்குச் சென்று, அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். பனையும் செம்மணல் தேரியும் சூழ்ந்த அச்சிற்றூரில் வாழ்வு தொடங்கியபொழுது அவர் தனியர்.

1844 மார்ச்சு 20ஆம் நாள் நாகர்கோவிலில் எலிசா மால்டை மணந்தார். இம்மணத்தையே நாம் இக்கட்டுரையின் நடுநாயகமாகக் கொள்கின்றோம். எலிசாவின் தந்தையார் சார்லசு மால்ட் 1819 முதல் நாகர்கோவிலில் பணியாற்றிய இலண்டன் சங்கத்து ஊழியர். தாயார் மார்த்தா அங்குப் பெண்கள் விடுதிப் பள்ளியையும், மகளிர்க்குப் பின்னல்சரிகைத் தொழிலையும் ஏற்படுத்தியவர். 1822இல் பிறந்த எலிசாவுக்குத் தமிழ், வீட்டு வாயிலில் கேட்டு வளர்ந்த மொழி. கணவர் ஆசிரியரிடமும் ஏட்டிலும் அரிதின் முயன்று கற்றதை மனைவியார் குழந்தைப் பருவத்திலேயே செவிவழிப் பெற்றிருந்தார். மணவினையால் இடையன்குடி இல்லத்துள் புகுந்தது ஒரு தமிழ்ச்செவி எனின் அது மிகையன்று.

தாயார் நாகர்கோவிலில் வளர்த்த கலையை மகளார் இடையன்குடிக்குக் கொணர்ந்தார். பெண்கள் பள்ளி தோன்றிற்று. பின்னல் தொழிலும் உடன் வந்தது. கல்வியும் கைத்தொழிலும் ஒருங்கே பெற்ற மகளிர்க்குத் தம் கையால் ஈட்டிய காசு உரியதாயிற்று. நாற்பதாண்டுகட்கு மேலாக எலிசா ஆற்றிய இப்பணியைக் கணவர்தம் பணியின் நிழலாகக் கருதி ஒதுக்குதல் வரலாற்றுக்குச் செய்யும் பிழையாம்.

திருமணம் நிகழ்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் சென்றபின், 1856இல், ஒப்பிலக்கணம் இலண்டனில் வெளிவந்தது. அந்நூல் செந்தமிழ் வடிவங்களோடு மக்கள் பேச்சு வடிவங்களையும் சான்றாகக் கொண்டு ஆராய்வதை நன்கறிவோம். அவ்வடிவங்களை ஆசிரியர் எங்குக் கேட்டார்? தெருவிலும் கோயிலிலும் மட்டும் கேட்டார் என்று கொள்வானேன்? பணியாளரோடும் பள்ளிச் சிறுமியரோடும் நாள்தோறும் மனைவியார் உரையாடிய தாழ்வாரத்தையும் அதனுடன் சேர்த்து எண்ணுதல் பொருந்தும். இஃது எம் துணிபு. நூலாசிரியர் கூற்று அன்று.

எனினும் இல்லறத்தின் அண்மை எல்லாக் குறையையும் போக்கிவிடவில்லை. இப்பகுதி மக்களைக் குறித்து 1849இல் அவர் வெளியிட்ட நூல் அம்மக்கள் உள்ளத்தைப் பெரிதும் புண்படுத்தி எதிர்ப்பை விளைத்தது. மொழியை அத்துணை நுட்பமாகக் கேட்ட செவி, பேசியவரின் மானத்தை அவ்வமயம் கேளாதொழிந்தது. கால்டுவெலைப் போற்றுவார் இதனை மறைத்தல் நன்றன்று.

இல்லத்தில் மக்கள் எழுவர் பிறந்தனர். மகள் ஒருத்தியை மணந்த வயாட் என்பாரே, ஐயர் எழுதி வைத்த வாழ்க்கை நினைவுகளைத் தொகுத்து 1894இல் வெளியிட்டார். ஆக, இன்று நாம் அவரைப்பற்றி அறிவனவற்றுள் பெரும்பகுதி அக்குடும்பத்தின் கைவழியே வந்தது. உடல்நலம் கருதியும் நூற்பணி கருதியும் அவர் தாயகம் சென்றதுண்டு. ஒவ்வொரு முறையும் மீண்டார். இடையன்குடித் திருக்கோயிலின் வளைவுகட்குத் தாமே களிமண்ணால் மாதிரி செய்து கொத்தரிடம் தந்தார். 1847இல் தொடங்கிய அப்பணி முடிவுற்றது 1880இல். ஒப்பிலக்கணத்தின் இரு பதிப்பும் அம்முப்பத்துமூன்று ஆண்டுகளுள் அடங்கும்.

1883இல் குடும்பம் தூத்துக்குடிக்கு மாறிற்று. 1891 ஆகத்து 28ஆம் நாள் கோடைக்கானலில் ஐயர் மறைந்தார். அவர் உடலை மலையினின்றும் இறக்கி, நெடுவழி கொணர்ந்து, இடையன்குடிக் கோயிலிலேயே அடக்கம் செய்தனர். எலிசா 1899 வரை வாழ்ந்தார்.