பட்டரின் விரல்களில் வாழும் தந்திரம்

தாந்திரிகம் என்றதும் மதுரைக்காரர்களுக்கு நினைவு வருவது செய்வினை, வசியம், சுடுகாட்டுப் பூசை. மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கி மீனாட்சியம்மனைப் பார்க்கக் கிளம்புகிறவரிடம், ‘நீங்கள் காணப்போவதும் தாந்திரிக வழிபாடுதான்’ என்று சொன்னால் முகம் சுளிப்பார். ஆனால் உண்மை அதுதான். சைவ ஆகமங்கள் 28உம் தந்திர நூல்கள். அவற்றுள் ஒன்றான காரண ஆகமத்தின் வழியில்தான் இந்தக் கோயிலின் பூசை நடப்பதாகப் பட்டர்கள் சொல்வார்கள்.

தீபாராதனைக்குக் கை கூப்பி நிற்கும் கூட்டம், அதற்கு முன் நடப்பதைக் கவனிப்பதில்லை. பட்டர் முதலில் தன் உடலைத்தான் ஆயத்தம் செய்கிறார். பூதசுத்தியில் மண், நீர், தீ, காற்று, வெளி ஐந்தையும் தனக்குள் ஒவ்வொன்றாகத் தூய்மைப்படுத்துவதாகப் பாவிக்கிறார். அடுத்தது நியாசம். ஈசானம் முதல் சத்தியோசாதம் வரையிலான ஐந்து மந்திரங்களை விரல்களிலும் உடலிலும் பதிக்கிறார். முத்திரைகள் காட்டுகிறார். இப்படித் தானே சிவமான பிறகுதான் சிவனைப் பூசிக்கும் உரிமை வருகிறது. வேத வேள்வியில் அவியுணவு தீயின் வழியாகத் தேவர்களைச் சேரும். இங்கே மனித உடலே தெய்வம் இறங்கும் இடம். இந்து சமயத்துக்குத் தந்திரம் தந்த மிகப் பெரிய துணிவு இது.

இதன் வேர் மதுரையிலும் பழையது. பாண்டியனின் வெப்பு நோய் தீர 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடியதாகச் சொல்லப்படும் திருநீற்றுப் பதிகம், நீற்றை மந்திரம் என்றும் தந்திரம் என்றும் போற்றுகிறது. திருமந்திரம் ஒன்பது தந்திரங்களாகவே அமைந்த நூல். அதில் நான்காம் தந்திரம் பெரும்பாலும் சக்கரங்களும் மந்திரங்களும். வேதம், ஆகமம் இரண்டும் இறைவன் வாக்கே என்று நூலாசிரியர் திருமூலர் உறுதியாகச் சொல்கிறார். 1157இல் அகோரசிவாசாரியார் எழுதிய ‘கிரியாக்கிரமத்யோதிகா’ இன்றும் சிவாசாரியார்களின் பூசைக் கையேடு. காஷ்மீரத்துச் சைவ ஆசிரியர்களின் சிந்தனையைத் தமிழ்நாட்டில் நிலைநிறுத்தியவர்களில் அவர் முக்கியமானவர்.

கள்ளும் இறைச்சியுமான வழியும் இங்கே இருந்தது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ நாடகம் காட்டும் காஞ்சிக் காபாலிகன் அதற்குச் சாட்சி. ஆலயச் சைவம் அதை வெளியே நிறுத்திவிட்டது. மாட்டுத்தாவணிக்குப் பக்கத்துப் பாண்டி கோயிலில் ஆடு வெட்டுவதைத் தாந்திரிகம் என்பது பிழை. அது ஊர்த்தெய்வ வழக்கம். ஆகமமோ தீட்சையோ அதற்கு அடிப்படையல்ல.

தந்திரத்துக்குள் நுழைய வாசல் தீட்சைதான். சைவ ஆகமங்கள் அதை நான்கு வருணத்தாருக்கும் திறந்துவிட்டு, கோயில் பூசையை மட்டும் பிறப்புவழி அர்ச்சகர்களான ஆதிசைவர்களுக்கு ஒதுக்கின. இந்த முரணின் விலையை மதுரை கண்டது. 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாத அய்யர் ஒடுக்கப்பட்ட மக்களையும் நாடார் ஒருவரையும் மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். ஆகமத்துக்கு விரோதம் என்று சொல்லிப் பட்டர்கள் பலர் பூசைக்கு வர மறுத்தார்கள்.

ஆனால் அந்த ஆகமத்தை யார் படித்திருந்தார்கள்? 1976இல் ஆய்வுக்கு வந்த மானிடவியலாளர் சி. ஜே. ஃபுல்லர், பட்டர்களில் பெரும்பாலோர் ஆகமத்தை முறையாகக் கற்காதவர்கள், பெரியவர்களைப் பார்த்துப் பழகியவர்கள் என்று பதிவு செய்தார். பின்னாளில் அவர்களுடைய பிள்ளைகள் பிள்ளையார்பட்டி போன்ற ஊர்களின் பாடசாலைகளுக்குப் போனார்கள். அது நல்ல மாற்றம். அரசு தொடங்கிய அனைத்துச் சாதியினருக்கான அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளில் ஒன்று மதுரையில் அமைந்தது. அப்படிப் பயின்ற 24 பேர் 2021 ஆகஸ்ட் 14 அன்று தமிழகக் கோயில்களில் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டார்கள்.

மனிதன் தீட்சையால் சிவமாகலாம் என்று சொல்லும் மரபு, அதைக் கற்றுத் தீட்சையும் பெற்றவரைப் பிறப்பைக் காட்டிக் கருவறை வாசலில் தடுப்பது தன் மையக் கொள்கைக்கே எதிரானது.