உல்லை என்று சொன்னால் யாருக்குத் தெரியும்?

பொத்துவிலைப் பற்றி யாரும் எழுதவில்லை என்று எங்கட ஆட்கள் அடிக்கடி குறைப்படுவார்கள். எழுதியிருக்கிறார்கள், நிறையவே. அதில் நாங்கள்தான் குறைவு. விகாரமகாதேவி கரையேறிய கதை இருக்கிறது. அலைச்சறுக்குக்கு வருகிறவர்களுக்கான வழிகாட்டிகள் இருக்கின்றன. சுனாமி அறிக்கைகள் அலுமாரி கொள்ளாது. நயோமி கிளைன் 2007இல் வெளியிட்ட ‘த ஷொக் டொக்ட்ரின்’ நூலில் ஓர் அத்தியாயம் அறுகம்பேயைப் பற்றியது. ஆனால் பொத்துவில்காரர் ஒருவரின் மூத்தப்பா எந்த வட்டையில் வேளாண்மை செய்தார், எந்தத் துறையில் வலை இழுத்தார் என்று தேடினால், பாடசாலை மலர்களில் ஒரு பக்கம், பள்ளிவாசல் மலரில் அரைப் பக்கம், அவ்வளவுதான்.

இந்த விடுமுறையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஊரில் வயதான ஆட்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதத் தொடங்கினோம். ‘சரித்திரம் சொல்லுங்க’ என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சரித்திரம் எண்டா அது ராசாக்கள்ட விசயம், படிச்ச ஆக்கள்ட்டக் கேளுங்க என்று அனுப்பிவிடுவார்கள். ‘கருவாடு எப்படிப் போட்டீங்க?’ என்று கேட்டால் அஸருக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் கதை போகும்.

முதலில் பெயர்களில் இருந்து தொடங்குவோம். ‘வில்’ என்பது நீர் தேங்கும் இடம். யாழ்ப்பாணத்துக் கொக்குவில், இணுவில் எல்லாம் அதே குடும்பம். ‘பொத்து’வுக்கு ஆளுக்கொரு விளக்கம் இருக்கிறது, அதில் நாங்கள் தலை போடவில்லை. எங்களுக்குப் பிடித்தது சின்னப் பெயர்கள்தான். பாசறிச்சேனை என்றால் ஒரு காலத்தில் காடு வெட்டிச் சேனை செய்த நிலம். இன்றைக்கு அங்கே மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள். களப்புக்கட்டு என்றால் களப்பை ஒட்டிய அணைக்கட்டின் ஞாபகம். கோமாரிப் பக்கம் போகும்போது வரும் இன்ஸ்பெக்டர் ஏத்தத்தில் எந்த இன்ஸ்பெக்டர் ஏறினார் என்று கேட்டோம். மூன்று பேர் மூன்று கதை சொன்னார்கள், மூன்றிலும் மனுசன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறுகிறார்.

பொத்துவிலைக் கடலால் வாழ்ந்த ஊர் என்று மட்டும் நினைப்பது பாதிதான் சரி. ஊரின் மற்றப் பாதி மேற்கே, மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஏ4 வீதி கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக 320 கிலோமீற்றரளவு ஓடிவந்து பொத்துவிலில்தான் கடலைத் தொட்டு, பிறகு அக்கரைப்பற்று, கல்முனை என்று வடக்கே திரும்புகிறது. தார் போடுவதற்கு முன்பே இந்தப் பக்கம் வழி இருந்தது. அது மாட்டு வழி. பொதி சுமக்கும் மாட்டுக் கூட்டத்துக்குத் தவளம் என்று பெயர். கரையில் இருந்து உப்பும் கருவாடும் வெல்லஸ்ஸப் பக்கம் ஏறும். அங்கே இருந்து குரக்கன், தேன், பாக்கு இறங்கும். கண்டி இராச்சியத்தில் இந்தப் போக்குவரத்துக்கென்றே மடிகே என்று ஒரு தனிப் பிரிவு இருந்தது, அதில் பெரும்பாலும் முஸ்லிம்கள்.

இது சின்ன விசயமில்லை. 1817இல் பிரித்தானியர் ஹாஜி மரிக்கார் என்ற முஸ்லிமை வெல்லஸ்ஸயில் மடிகே முகாந்திரமாக நியமித்தார்கள். அதுவரை அந்தப் பிரிவு உள்ளூர்ச் சிங்களத் தலைமைகளின் கையில் இருந்தது. ஊவாக் கிளர்ச்சிக்கு அந்த நியமனமும் ஒரு காரணம். ஹாஜி மரிக்கார் கிளர்ச்சிக்காரரிடம் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். பாடசாலையில் நாங்கள் 1818 கிளர்ச்சியைக் கெப்பெட்டிபொலவோடு படித்தோம், அது சரிதான். ஆனால் அந்தக் கிளர்ச்சியின் தொடக்கத்தில் உப்பு மூட்டையும் பொதி மாடும் நிற்கின்றன என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தொண்ணூறைத் தொடும் ஒரு மூத்தம்மா, தன் வாப்பாவிடம் கேட்டதை இப்படிச் சொன்னார்: “அப்ப ரோட்டு எங்க மகன் இரிந்த? மாட்டுக்கு வழி தெரியும். மாட்டுக்குப் பின்னால மனிசன் போற.”

பிரித்தானியர் காலத்தில் இந்தப் பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தின் பாணமைப் பற்று. 1921இல் எஸ். ஓ. கனகரத்தினம் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். மாவட்டத்தைப் பற்றி எழுதுகிற எல்லாரும் இன்றைக்கும் முதலில் அதைத்தான் தூக்குகிறார்கள். 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. பெயர் மட்டும் அரசியலில் பெரிதாக நின்றது. 1977இல் பொத்துவில் இரட்டை அங்கத்தவர் தொகுதி, ஒரு முஸ்லிமும் ஒரு தமிழரும் பாராளுமன்றம் போனார்கள். 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை நடந்த பேரணிக்கு ‘பொத்துவில் முதல் பொலிகண்டி வரை’ என்று பெயர். கொவிட் ஜனாஸாக்களை எரித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை, அதனால் எங்கட ஆட்களும் அதில் நடந்தார்கள். நாட்டுக்கு நாங்கள் ஓர் எல்லைக்கல். கல்லுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

இனிக் கடற்கரைக்கு வருவோம். சுற்றுலாக்காரர் ‘ஏ-பே’ என்று சொல்கிற இடம் எங்கட பெரியவர்களுக்கு உல்லை. அறுகம்பே என்ற பெயரும் பாதி எங்களுடையதுதான். அறுகம்புல்லின் குடா என்று விளக்கம் சொல்வார்கள். ஆனால் பலகையில் இருப்பது ஆங்கில எழுத்து. கொழும்பு பஸ்ஸில் ஏறி ‘உல்லைக்கு’ என்று ரிக்கற் கேட்டால் கொண்டக்டர் முழிப்பார். இது ஒரு ஊருக்கு ரெண்டு பெயர் என்கிற சங்கதி மட்டுமில்லை. உல்லை என்பது வாடி போட்ட கரை, ஏ-பே என்பது அலை உடையும் கரை. ரெண்டுக்கும் பருவம் ஒன்றுதான். வாடைக் காற்று ஓய்ந்து, சித்திரைக்குப் பிறகு கச்சான் அடிக்கும் மாதங்களில்தான் இந்தக் கடல் இறங்கவிடும். முன்னர் அந்த மாதங்களில் வெளியூர் மீனவர்கள் வந்து வாடி அடித்தார்கள். இப்போது அதே மாதங்களில் அலைச்சறுக்குப் பலகையோடு வெளிநாட்டார் வருகிறார்கள். கரை அதே நீளம்தான்.

கரைவலை இழுத்த ஒரு தண்டயலிடம் இரண்டு நாள் இருந்தோம். நைலோன் வருவதற்கு முன்னர் நூல் வலை. அதை மரப்பட்டை அவித்த சாயத்தில் ஊறப்போட்டு வெயிலில் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்பு தின்றுவிடும். மீன் பங்கு பிரிப்பதில் வலைக்கு ஒரு பங்கு, தோணிக்கு ஒரு பங்கு, இழுத்த கைகளுக்கு மிச்சம். பள்ளிக்கும் ஒரு கூறு எடுத்து வைப்பார்களாம். “மண்மலையில ஏறி நிண்டு பாக்கிற ஆள் தொப்பியக் கழட்டி வீசினா மீன் வந்திட்டு எண்டு அர்த்தம்” என்றார். மண்மலை என்று நாங்கள் சொல்வது கடலோர மணற்குன்று. அதைப் பற்றித்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

அந்த மணற்குன்றுகளுக்கு நடுவில்தான் முகுது மகா விகாரை இருக்கிறது. முகுது என்றால் கடல். கற்தூண்களும் சிலைகளும் உள்ள பழைய பௌத்த தலம். களனியில் இருந்து கடலில் விடப்பட்ட தேவி கரையேறிய இடம் இதுதான் என்பது ஒரு மரபு. கிரிந்தையும் அதே உரிமையைக் கேட்கிறது. இடிபாடு பழையது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஊரில் நாங்கள் பேசிய யாரும் அதை மறுக்கவும் இல்லை. தகராறு, விகாரையின் எல்லை எங்கே முடிகிறது, வீடுகளின் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதில். 2020 மே மாதம் பாதுகாப்புச் செயலாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார், கடற்படை அங்கே வரும் என்ற அறிவிப்பு வந்தது. ஜூன் மாதம் கிழக்கு மாகாணத் தொல்பொருள் முகாமைத்துவத்துக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று வர்த்தமானியில் வந்தது. தமிழும் முஸ்லிமும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணியில், நியமித்தபோது ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. இதை அநியாயம் என்று சொல்ல வரலாற்றுப் பட்டம் தேவையில்லை.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் நடக்கிறது என்றும் சொல்ல முடியாது. தெற்கே பாணமையில் 2010இல் ஆயுதக்காரர் இரவில் வந்து குடிசைகளை எரித்துச் சனங்களைத் துரத்தினார்கள். பெரும்பாலும் சிங்கள விவசாயக் குடும்பங்கள். பிறகு அங்கே படை முகாம் வந்தது. காணியைத் திருப்பிக் கொடுக்க 2015இல் அமைச்சரவை தீர்மானித்தது, அதற்குப் பிறகும் அந்தச் சனங்கள் காணிக்காக அலைய வேண்டியிருந்தது.

எங்கட பக்கத்தில் பிரச்சினையை இன்னும் இறுக்கிவிட்டது சுனாமி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல் மௌத்து. அறுகம்பேப் பாலம் உடைந்தது. இந்திய இராணுவப் பொறியியலாளர்கள் தற்காலிகப் பாலம் போட்டார்கள், அமெரிக்க உதவியில் புதுப் பாலம் 2008இல் வந்தது. பாலத்துக்கு உதவி கேட்க எல்லாருக்கும் தெரிந்தது. தண்ணியோடு போன காணி உறுதிக்கும் பெர்மிட்டுக்கும் யாரிடம் கேட்பது? போதாததற்கு வடக்கு கிழக்கில் கடலில் இருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். அலை எங்களை ரெண்டு மடங்கு வெறுத்ததா தெரியாது. ஹோட்டல்களுக்கு வேறு கணக்கு இருந்தது. கிளைன் எழுதியது இதைத்தான்.

கடல் தின்ற ஊரின் சரித்திரத்தை மற்ற நாடுகளில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று தேடியபோது இங்கிலாந்தின் சஃபோக் கரையில் உள்ள டனிச் கிடைத்தது. மத்திய காலத்தில் அது பெரிய துறைமுகம். 1286இலும் 1328இலும் அடித்த புயல்களில் துறையும் தெருக்களும் போயின. ஊர் கிட்டத்தட்ட இல்லாமல் போன பிறகும் 1832 வரை பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினரை அனுப்பிக்கொண்டிருந்தது. (இரண்டு அங்கத்தவர், தேய்ந்த ஊர் என்று வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது.) கடைசியாக நின்ற பழைய தேவாலயம் 1904க்கும் 1919க்கும் இடையில் துண்டு துண்டாகக் கடலுக்குள் விழுந்தது. ஆனாலும் அந்த ஊரின் தெருப் பெயர்கள் இன்றைக்கும் தெரியும். காரணம், பக்கத்து ஊரில் உப்பு வரி அலுவலராக இருந்த தோமஸ் கார்டினர் என்ற மனுசன் 1754இலேயே எல்லாவற்றையும் தேடி நூலாகப் போட்டுவிட்டார். அதே சஃபோக்கில், பிளாக்ஸ்ஹோல் என்ற கிராமத்தில் ஜோர்ஜ் எவர்ட் எவன்ஸ் அயலில் இருந்த கிழடுகளிடம் வெட்டும் கத்தியைப் பற்றியும் குதிரையைப் பற்றியும் கேட்டுக் கேட்டு 1956இல் ஒரு நூல் வெளியிட்டார். கருவாட்டில் இருந்து தொடங்கும் பழக்கத்தை நாங்கள் அவரிடம்தான் எடுத்தோம்.

ஆனால் டனிச்சில் கார்டினர் எழுதியதால் யாருக்கும் வீடு போகப்போவதில்லை, யாருக்கும் வீடு கிடைக்கப்போவதும் இல்லை. அங்கே ஞாபகம் ஒரு பொழுதுபோக்கு. இங்கே அது சாட்சி. ‘இந்தப் புளிய மரத்தடியில எங்கட கிணறு’ என்று ஒரு மூத்தம்மா சொன்னால் அது வெறும் கதையில்லை, அளவை உத்தியோகத்தர் வரும் நாளில் சொல்ல வேண்டிய வாக்குமூலம். அதனால்தான் சிலர் எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள், சிலர் தேவைக்கு மேலேயே சொன்னார்கள். இரண்டையும் கவனித்துத்தான் எழுத வேண்டும். ஒரு வளவு எல்லையை ஒருவர் சொன்னால் அயலில் இரண்டு பேரிடமாவது, முடிந்தால் கோமாரியில் ஒரு தமிழ் ஆளிடமும் கேட்கிறோம். ஊர்ப் பாசத்தில் நூறு வருசத்தை முந்நூறாக்குவது எங்கட ஆட்களுக்குக் கைவந்த கலை. அப்படி எழுதினால் செயலணிக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?

இதுவரை பதினொரு பேரின் ஞாபகங்கள் எழுத்தில் வந்திருக்கின்றன. வலை, தவளம், சேனை, பெருநாள், வெள்ளம் என்று பிரித்து ஒவ்வொன்றாக இங்கே போடுவோம். தண்டயல் தன் கையால் ஒரு படமும் கீறித் தந்தார். பழைய வலைத்துறைகள், வாடிகள், மண்மலைக்குப் போன ஒற்றையடிப்பாதை, பாதையோரம் இருந்த ஏழு வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் பெயர். அதில் ஒரு வீட்டுக் காணி இப்போது வழக்கில் இருக்கிறது. “கேஸ் முடியும் மட்டும் போட்டிராதீங்க மகன்” என்றார். படம் எங்கட கொப்பிக்குள் இருக்கிறது.