காயலான் கடையும் கணிப்பொறிப் பொன்னும்

பழுதுற்ற கணிப்பொறிகளின் உறுப்புக்களை விற்று மேல்வரும்படி தேடலாமா என்று நம் இளைஞர் சிலர் வினவுகின்றனர். தொழில் சிறிதாயினும் அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதனை அறிந்தாலன்றி இலாப நஷ்டம் விளங்காதாதலின், ஈண்டுச் சிறிது விரித்துரைப்போம்.

பழம்பொருளை எடைக்கு விற்றல் நம் நாட்டிற்குப் புதியதன்று. ஓட்டைக் குடமும் நசுங்கிய செம்பும் கன்னாரிடம் சென்று, சேதாரம் கழிந்து, புதுப் பாத்திரமாக மீளும். பொற்கொல்லர் பட்டறைக் குப்பையை வாங்கி, நீரில் அரித்துப் பொற்றுகள் எடுத்துப் பிழைத்த ஏழைகளும் உண்டு. 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று தெருவிற் கூவி வருபவனைக் கண்டால், நம் சிறுவர் வீட்டிலுள்ள நல்ல கரண்டியையும் ஒளித்துக்கொண்டோடியது ஒரு காலம். பழைய இரும்பு வாங்குமிடத்தைக் காயலான் கடை என்கிறோம். காயற்பட்டினத்து வர்த்தகர் இத்தொழிலில் முற்பட்டமையால் இப்பெயர் வந்ததென்று சொல்வாருளர்.

இனி ஆலங்குடிக்கு வருவோம். வலங்கைமானை அடுத்த குருஸ்தலமாகிய ஆலங்குடி வேறு. நாம் கூறுவது புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் மூன்று தாலுகாக்களில் ஒன்றாய் விளங்கிய ஆலங்குடி. அணா ஒன்றுக்கு இருபதாக அம்மன் காசு என்னும் சிறு செப்புக்காசு வழங்கிய சீமை அது. 1948-ம் வருஷம் மார்ச்சு மாதம் 3-ந் தேதி அச்சமஸ்தானம் இந்திய ஐக்கியத்தில் இணைந்தது. எழுபது வருஷங்களுக்குப் பின், 2018 நவம்பர் 16-ல் கரைகடந்த கஜா புயல், இப்பகுதித் தென்னைகளை வேரோடு சாய்த்தது. வைத்த கன்று காய்க்கும்வரை குடும்பம் காத்திராது. ஆகவே மேல்வரும்படி என்னுஞ் சொல் இங்கே வெறும் பேராசைச் சொல்லன்று.

கிராமத்து வீடுகளிற் கணிப்பொறி புகுந்ததற்குச் சர்க்கார் திட்டமொன்று பெருங்காரணம். 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு, அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்வகுப்பிற் பயிலும் மாணாக்கர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. 'விலையில்லா மடிக்கணினி' என்பது அதன் பெயர். பழுதுற்ற பின்னரோ எடைக்கடையில் அதற்கும் ஒரு விலை ஏற்பட்டுவிடுகிறது.

இப்பொறிகளிற் பொன் இருப்பது மெய்யே. பொன் துருப்பிடிப்பதில்லை; மின்சாரத்தை நன்கு கடத்தும். ஆதலின் இணைப்பு முனைகளில் அதனை மெல்லிதாகப் பூசுகின்றனர். 1995-ல் வெளிவந்த பெண்டியம் புரோ முதலிய பழைய பிராசஸர்களில் அது தாராளமாக இருந்தது. பின்னர்ப் பூச்சு வரவர மெலிந்தது. உட்கம்பிகளிற் பொன்னுக்குப் பதிலாகச் செம்பும் புகுந்தது. பொன்விலை ஏற ஏறப் பொறியிலுள்ள பொன் குறைந்தே வந்திருக்கிறது.

கணக்கையும் பார்ப்போம். சுரங்கத்தில் ஒரு டன் கல்லை வெட்டினால் சில கிராம் பொன்னே கிடைக்கும். கணிப்பொறியின் சுற்றுப்பலகை ஒரு டன்னில் ஏறக்குறைய 200 கிராம் எனக் கொள்ளலாம். கேட்க இனிக்கிறது! ஆனால் அரைக் கிலோ எடையுள்ள மதர்போர்டு ஒன்றுக்கு வருவது கிராமிற் பத்தில் ஒரு பங்கு. ஒரு குன்றிமணி எடைக்கும் குறைவு. ஒரு பவுன் சேர எண்பது பலகைகள் வேண்டும். அதுவும் துகள் ஒன்றும் சிந்தாமல் எடுக்கவல்ல ஆலை இருந்தால்.

ஆலையின்றி எடுக்கப் புகுந்தோர் கதி யாது? வட நாட்டில் பித்தளை நகரமெனப் புகழ்பெற்ற மொராதாபாத்திற் கைவினைஞர் பலர், பித்தளை வியாபாரம் நலிந்தபின், சுற்றுப்பலகைகளை எரித்துச் சாம்பலை அரிக்கும் வேலைக்கு வந்தனர். சாம்பல் ராமகங்கைக் கரையிற் குவிந்தது. மண்ணும் நீரும் கெட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட நேர்ந்தது. பற்றாசிலுள்ள ஈயமும், இராஜ திராவகத்தின் புகையும், எரியும் பிளாஸ்டிக்கின் நஞ்சும் முதலிற் புகுவது வேலை செய்பவன் மூச்சில். பின்னர் அவன் குழந்தைகளின் மூச்சில். தலைமுறை தலைமுறையாக உலோகத்தை அறிந்த கைகளே இவ்வாறு ஏமாந்தன என்பதுதான் நம் நெஞ்சை வருத்துகிறது.

ஜப்பானியர் செய்தது வேறு. டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக 2017 முதல் 2019 வரை 78,985 டன் பழஞ்சாதனங்களும் 62 இலட்சம் கைத்தொலைபேசிகளும் ஜனங்களிடமிருந்து திரட்டினர். ஆலையில் உருக்கிக் கிடைத்த பொன் 32 கிலோ. ஒரு தேசம் திரண்டு கொடுத்தும் இவ்வளவே.

நம் நாட்டில் மின்னணுக் கழிவுக்கெனத் தனி விதிகள் 2012 மே 1 முதல் அமலுக்கு வந்தன; 2023 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற நிலையங்களே இவற்றை உடைத்து உலோகம் பிரிக்கலாம்.

அப்படியாயின் ஆலங்குடி இளைஞனுக்கு ஊதியமே இல்லையா? உண்டு, ஆனால் அது பொன்னில் இல்லை. ஓடுகின்ற ராமையும் பிராசஸரையும் தனித்தனியே பழுது பார்ப்போர்க்கு விற்றால், எடைக்கு விற்பதினும் மேலான விலை கிடைக்கும். ஹார்ட் டிஸ்க்கிலும் அப்படியே. வங்கிக் கணக்கும் ஆதார் நகலும் அதிற் கிடப்பின் முற்றும் அழித்த பின்னரே கைமாற்ற வேண்டும். அலுமினியத்தை வேறாகப் பிரித்து வைக்கலாம். செப்புக்கம்பியைக் கொளுத்தாமல் கத்தியால் உரித்தெடுக்க வேண்டும். கருகிய செம்பினும் ஒளிவிடுஞ் செம்புக்கே விலை அதிகம். சுற்றுப்பலகைகளை உடையாமற் சேர்த்து, நாலைந்து பேர் கூடி, பதிவு பெற்ற நிலையத்திற்கு மொத்தமாக அனுப்பலாம். உப்பிய மடிக்கணினி பாட்டரியை மட்டும் மற்றவற்றோடு ஒரே சாக்கிற் கட்டலாகாது. துளைபட்டால் அது தானே தீப்பற்றும்.