தமிழ்ப் பக்கம் ஏன் கிறுக்கலாக வந்தது?

நாங்கள் படித்த காலத்தில் தலவாக்கலை டவுனில் நெட் கபேக்குப் போய்த் தமிழ்ப் பக்கம் திறந்தால், சிலது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும்; சிலது எந்த மொழியுமில்லாத குறிகளாக வரும். கணினிதான் பழுது என்று நினைத்தோம்.

நாம் ஒரு பக்கத்தைக் கேட்டால் சேவையகம் பதில் அனுப்புகிறது. 1991இல் அந்தப் பதில் உறையில்லாத கடிதம், வெறும் பக்கம் மட்டும். 1996இல் வெளியான எச்டிடிபி 1.0 விதியில் முதல் வரி 200, 404 என்று முடிவைச் சொல்லும். பிறகு குறிப்பு வரிகள், ஒரு வெற்று வரி, அதற்குப் பிறகே பக்கம்.

குறிப்பு வரிகளில் ஒன்று, உள்ளே எந்த எழுத்துக் குறியீடு என்று சொல்வது. சொல்லாமல் விட்டால் மேற்கு ஐரோப்பிய எழுத்தென்று எடுத்துக்கொள்ளும்படி 1999இன் எச்டிடிபி 1.1 சொன்னது. யாரைக் கேட்டார்களோ! யுடிஎஃப்-8இல் 'அ'வுக்கு 3 பைட்டு. அப்படி வாசித்தால் ஓரெழுத்து மூன்று துண்டாகும். 2014இல்தான் அதை நீக்கினார்கள்.

பாமினி கதை வேறு. அது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. சேவையகம் அனுப்பியதே ஆங்கில எழுத்துத்தான். எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும்.

பழைய பாடசாலை மலர், வினாத்தாள் என்று பாமினியில் கிடப்பவை உங்களிடம் இருந்தால் தாருங்கள். யூனிகோடுக்கு மாற்றித் தருகிறோம்.