மௌனமே அபாய அறிவிப்பு

தீப்பிடித்தால் மணி அடிக்கும்; கள்வன் வந்தால் நாய் குரைக்கும். ஏதேனும் நிகழும்போது ஓசை எழுவதுதான் எச்சரிக்கை என்பது பொதுவான எண்ணம். இதற்கு நேர்மாறான எச்சரிக்கையும் உண்டு. வழக்கமாகக் கேட்கும் ஓசை கேளாது போனால், அதையே அபாயமாகக் கொள்ளும் முறை அது.

1872ஆம் ஆண்டில் வில்லியம் றொபின்சன் என்னும் அமெரிக்கர் புகையிரதப் பாதைக்கென வகுத்த மின்சுற்று இம்முறையில் அமைந்தது. தண்டவாளத்தில் மின்னோட்டம் இடையறாது ஓடும்வரை பாதை வெறுமையாயுள்ளது எனச் சமிக்ஞை காட்டும். வண்டி ஏறி மின்னைத் தன் சில்லுகள் வழியே திருப்பினாலும், தண்டவாளம் முறிந்தாலும், மின்கலம் தீர்ந்துபோனாலும் சமிக்ஞை அபாய நிலைக்கு வந்துவிடும். பழுது தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்.

ஏறக்குறைய நூறு ஆண்டுகளின் பின், கணினிகளை ஒன்றோடொன்று தொடுக்க முற்பட்டோருக்கு இதே தத்துவம் கைகொடுத்தது. ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சிப் பிரிவொன்று பணம் அளித்து உருவாக்கிய அர்ப்பாநெற் என்னும் வலைப்பின்னலின் முதலாவது தொடுப்புப் பொறி, 1969 செப்ரெம்பரில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிற்று. ஆண்டு முடியுமுன் நான்கு இடங்கள் இணைந்தன; மூன்று கலிபோர்ணியாவில், ஒன்று யூட்டாவில். பொறிகளைச் செய்த போல்ற் பெரனெக் நியூமன் கம்பனியோ, கண்டத்தின் மறுகரையில், மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரில் இருந்தது. ஒரு பொறி இரவு இரண்டு மணிக்கு நின்றுவிட்டால், அதை யார் அறிவது? அதனருகே இருப்போர் அதன் உள்ளமைப்பை அறியாதவர்கள். ஆர்வமிக்க மாணவர்கள் திறந்து பார்த்துக் கெடுத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில், தலைமைப் பொறியியலாளர் பிராங் ஹாட் அதனை இராணுவத்துக்குரிய திண்மையான பெட்டியில் அடைக்கச் செய்தார். அச்சம் நியாயமானதே.

அயற்பொறிகள் இரண்டு அரை விநாடிக்கு ஒருமுறை ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். ‘இருக்கிறாயா?’ என்பது வினா. ‘கேட்டேன்’ என்பது விடை. ஏறக்குறைய இரண்டரை விநாடி விடையில்லையெனில் அந்த இணைப்பு இறந்துவிட்டதெனக் கொண்டு, செய்திகளை வேறு வழியே திருப்பிவிடும். இது பொறிகளுக்கிடையேயான ஏற்பாடு. மனிதர்க்குத் தெரிய வேண்டியதற்கு, கேம்பிறிட்ஜில் கட்டுப்பாட்டு நிலையமொன்று வளர்ந்தது. 1970இன் பிற்பகுதியிலிருந்து அதனை நடத்தியவர் அலெக்ஸ் மக்கென்சி. ஒவ்வொரு பொறியும் நிமிடத்துக்கு ஒருமுறை தன் நலத்தை அங்கு தெரிவிக்க வேண்டும். அறிக்கை வராவிடின் நிலையத்துக் கணினி விளக்கேற்றி, ஒலியெழுப்பி, தொலையச்சில் நேரத்தையும் பதிந்துவிடும்.

ஆனால் அறிக்கை வரவில்லை என்பது ஒன்று. ஏன் வரவில்லை என்பது வேறொன்று. பொறி பழுதாகியிருக்கலாம், அக்கட்டடத்தில் மின்சாரம் போயிருக்கலாம், பொறி நலமாயிருக்க, அதற்குச் செல்லும் கம்பிகள் யாவும் அறுந்துமிருக்கலாம். ஆதலால் அயலிலுள்ள பொறிகள் சொல்வதும் சேர்த்துப் பார்க்கப்பட்டது. மேலும், அனுப்பும் சமிக்ஞையை இடைவழியிலேயே திருப்பி வருமாறு கேம்பிறிட்ஜிலிருந்தே கட்டளையிட முடிந்தது. எந்த இடம்வரை சென்றது திரும்பி வருகிறதோ, அதற்கு அப்பால்தான் குற்றம். இம்முறை எவ்வளவு நுட்பமாய் அமைந்ததென்றால், தொலைவிலுள்ள தொலைபேசிக் கம்பனியாரை அழைத்து, ‘உங்கள் பகுதியில் இன்ன கம்பி பழுது’ என்று நிலையத்தார் கூறியபோது, அவர்கள் முதலில் நம்ப மறுத்தார்களாம். தங்கள் கம்பியின் நோயைக் கண்டத்தின் மறுகோடியில் இருப்பவன் எப்படி அறிவான் என்று அவர்கள் வியந்ததில் தவறில்லை.

எனினும், நலம் விசாரிக்கும் செய்தியே நோயாக மாறிய நாளும் வந்தது. அது 1980 ஒக்ரோபர் 27. அக்காலத்தில் ஒவ்வொரு பொறியும் தன் இணைப்புகளின் நிலையை 0 முதல் 63 வரையிலான வட்ட எண்ணொன்றை இட்டு எல்லாப் பொறிகளுக்கும் பரப்பும். பிந்திய எண் முந்தியதை நீக்கும். ஐம்பதாம் இலக்கப் பொறியின் அறிக்கை, நினைவகக் கோளாறொன்றினால் 8, 40, 44 என்னும் மூன்று எண்களுடன் ஏககாலத்தில் உலவத் தொடங்கிற்று. வட்டக் கணக்கின்படி 8க்குப் பிந்தியது 40; 40க்குப் பிந்தியது 44; 44ஐச் சுற்றி வந்தால் அதற்குப் பிந்தியது மறுபடியும் 8! ஒன்று மற்றொன்றை நீக்க, அதனை வேறொன்று நீக்க, பொறிகளுக்கு வேறெதற்கும் ஓய்வில்லாது போயிற்று. பல மணி நேரம் வலைப்பின்னல் முழுவதும் பயனற்றுக் கிடந்தது. ஒரு பொறியை நிறுத்தி மீளத் தொடக்கினாலும், அயற்பொறிகள் அதே அறிக்கைகளைத் திரும்ப ஊட்டிவிட்டன. ஈற்றில், ஐம்பதாம் பொறியின் பேச்சைக் கேளாதிருக்கும்படி ஏனைய பொறிகள் அனைத்தையும் திருத்திய பின்னரே நிலைமை சீரடைந்தது. கம்பிவழி வரும் செய்தியில் பிழையுண்டா என்று சோதித்த பொறிகள், தம் நினைவகத்தில் கிடந்த செய்தியைச் சோதிக்கவில்லை.

1983 டிசெம்பரில் மேரிலாந்து மாநிலத்து இராணுவ எறியியல் ஆய்வுகூடத்தில் வலைப்பின்னல் குழம்பியபோது, மைக் முஸ் என்பவர் ஒரே மாலையில் ஏறக்குறைய ஆயிரம் வரிகளில் சிறு நிரலொன்றை எழுதினார். எதிரொலி கேட்கும் செய்தியை ஒரு கணினிக்கு அனுப்பி, அது திரும்பும் நேரத்தை அளப்பதே அதன் வேலை. நீர்மூழ்கிகளைத் தேடும் ஒலிக்கருவி எழுப்பும் ஓசையைக் கொண்டு அதற்கு ‘பிங்’ என்று பெயரிட்டார். அந்நிரலைப் பயன்படுத்திய ஒருவரின் கதையை முஸ் பின்னர் எழுதிவைத்தார். வந்தும் போயும் ஏமாற்றும் பழுதொன்று அவருடைய கட்டடத்துக் கம்பிகளில் இருந்தது. எதிரொலி திரும்பும்போதெல்லாம் ‘பிங்’ என்று வாய்விட்டுச் சொல்லுமாறு கணினியைப் பழக்கி, அதை ஒலிபெருக்கியில் உரக்க வைத்தார். பின்னர் அறை அறையாகச் சென்று கம்பிப் பொருத்துகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். எந்தப் பொருத்தை அசைத்தபோது குரல் நின்றதோ, அதுவே பழுதானது.